கேட்காவ் கண்ட பண்டித ரமாபாய் அம்மையார்

புனேயிலிருந்து தௌண்டு செல்லும் இருப்புப்பாதையில் கேட்காவ் என்றொரு சிறு நிலையம் உண்டு. புனேயிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. நம் சங்கத்து அன்பர்கள் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் இந்நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். ஆயினும் நாம் ஏறும் விரைவு வண்டிகள் அங்கே நிற்பது அரிது. வண்டி அவ்விடத்தைக் கடக்கும் வேளையில் நம்மவர் பெரும்பாலும் கட்டுச்சோற்றைப் பிரிப்பதிலோ, குழந்தைகளுக்குப் படுக்கை விரிப்பதிலோ ஈடுபட்டிருப்பர். சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கும் பல ஆண்டுகளாக அவ்வூர் ஒரு நிலையப் பெயராகவே இருந்து வந்தது.

2021ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது நம் காலனியில் மூன்று வீடுகளின் விளக்கு அணைந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுள் ஒரு வீட்டின் இளம்பெண், நம்மை அண்ணா என்றே அழைப்பவர், கணவரை இழந்த நாற்பதாம் நாள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கடவுள் என்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. கூறத் தெரியவும் இல்லை. அதன் பின்னர் ஒரு நாள் அலுவல் காரணமாகக் கேட்காவில் இறங்க நேர்ந்தது. அவ்வூரில் முக்தி என்னும் பெயரால் வழங்கும் இல்லத்தைப் பற்றியும், அதனைத் தோற்றுவித்த அம்மையாரைப் பற்றியும் கேள்வியுற்று, கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தோம். அக்கேள்வியை நம் காலனிப் பெண்ணினும் பன்மடங்கு கொடிய நிலையில் தம்முள் கேட்டுக்கொண்ட ஒருவர் இம்மண்ணில் வாழ்ந்து, இதே பாதையில் வண்டியேறி இறங்கியிருக்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தோம். பண்டித ரமாபாயின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தது அது பற்றியே.

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் கங்காமூலம் என்னுமிடத்தில் பிறந்தார். இன்று அது கருநாடக மாநிலத்தைச் சார்ந்தது. தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே சித்பாவன வேதியர், பெரும் வடமொழிப் புலவர். அவர் இளமையில் புனேயில் கல்வி பயின்றபோது, தம் ஆசிரியர் பேஷ்வாவின் அரண்மனையில் அரசியாருக்கு வடமொழி கற்பித்ததைக் கண்டவர். பெண்ணொருத்தி அம்மொழியில் சுலோகம் சொல்லக் கேட்டதும், தம் மனைவிக்கும் அதனைக் கற்பிக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். முதல் மனைவியின் காலத்தில் வீட்டார் தடுத்தமையால் அது கைகூடவில்லை. அவ்வம்மை மறைந்த பின், யாத்திரை சென்றவிடத்தில் கோதாவரிக் கரையில் ஒரு வேதியரைச் சந்தித்து, அவருடைய ஒன்பது வயதுச் சிறுமி லட்சுமியை மணந்தார். மாப்பிள்ளைக்கு வயது நாற்பதுக்கு மேல். இக்காலத்து நாம் இதனைப் படிக்கும்போது மனம் கூசவே செய்கிறது. அக்காலத்து வழக்கம் அவ்வாறு இருந்தது. அச்சிறுமியின் நற்பேறாக, வந்த கணவர் அவளுக்கு எழுத்தறிவித்தார்.

பெண்ணுக்கு வடமொழி புகட்டுவது சாத்திரத்துக்கு அடுக்காது என்று ஊரார் எதிர்த்தனர். உடுப்பியில் மடத்தாரும் பண்டிதர்களும் கூடிய சபையில் அவர் நூற்சான்றுகளை அடுக்கித் தம் செயலை நிலைநாட்டினார். சபை அவரைத் தண்டிக்கவில்லை. அதன் பின்னும் ஊரார் வாய் மூடவில்லை போலும். குடும்பத்துடன் காட்டுக்குள் குடியேறிவிட்டார். அவ்வாச்சிரமத்தில் மாணாக்கரும் யாத்திரிகரும் வந்து உண்டு தங்கினர். வந்தவர்க்கெல்லாம் சோறிட்டதில் நிலமும் பொருளும் கரைந்து கடனாளியானார். ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாயிருந்தபோது குடும்பம் காட்டை விட்டு யாத்திரை புறப்பட்டது. குழந்தையை ஒரு கூடையில் இட்டு ஆள் ஒருவன் தலைச்சுமையாகச் சுமந்து சென்றான். அக்கூடையில் தொடங்கிய நடைப்பயணம் இருபதாண்டுக்கு மேல் ஓயவில்லை.

கோயில் கோயிலாகச் சென்று புராணம் படிப்பதே அக்குடும்பத்தின் தொழில். கேட்போர் தரும் அரிசியும் காசுமே வருவாய். தாயார் லட்சுமிபாய் வழிநடையிலேயே மகளுக்குப் பாடம் சொன்னார். பன்னிரண்டு வயதிற்குள் பாகவதத்தின் 18,000 சுலோகங்களும் அச்சிறுமிக்கு மனப்பாடமாயின என்பர். ஒன்பது வயதில் மணமுடித்து அனுப்பும் காலத்தில், இம்மகளைத் தந்தையார் மணம் செய்விக்காமலே வைத்திருந்தார். மூத்த மகளுக்குச் சிறு வயதில் செய்வித்த திருமணம் துன்பத்தில் முடிந்தமையே இதற்குக் காரணம்.

1870களில் தென்னாட்டைப் பஞ்சம் பிடித்தது. நம் முன்னோர் தாது வருடத்துப் பஞ்சம் என்று சொல்லி அஞ்சிய காலம் அப்பத்தாண்டில் அடங்கும். சென்னை மாகாணத்தில் சுற்றித் திரிந்த அக்குடும்பத்தினர், எஞ்சிய நகைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் விற்றனர். விற்ற பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் தானதருமங்களுக்கே செலவிட்டு, தெய்வம் மனமிரங்கும் என்று காத்திருந்தனர். கூலி வேலை செய்வது குலத்துக்கு இழுக்கு, இரந்துண்ணவோ நாணம். திருப்பதி சென்று தீர்த்தங்களில் நீராடி மலையப்பனை வேண்டினர். கடைசி அரிசியும் தீர்ந்தபின், பிறர் காணாமல் உயிர் விடலாம் என்று அருகிலிருந்த காட்டுக்குள் நுழைந்தனர். பதினொரு நாள் இரவும் பகலும் தண்ணீரும் இலைகளும் சிறிது காட்டு ஈச்சம்பழமுமே உணவு. கண்பார்வை குன்றிய முதியவர், மற்றவர்க்குப் பாரமாயிராமல் புனித தீர்த்தத்தில் மூழ்கிவிட முடிவு செய்தார். மகளை மடியில் அணைத்துக்கொண்டு, எந்நிலையிலும் அறவழியினின்று பிறழாதே, ஆயுள் முழுதும் கடவுளுக்கே தொண்டு செய் என்று சொல்லி விடை பெற்றார். அந்நேரத்தில் மகன் சீனிவாசன், குலப்பெருமையை விட்டுக் கூலி வேலையாயினும் செய்து காப்பாற்றுகிறேன் என்று கூறித் தடுத்தான். காட்டை விட்டு வெளியேறினர். எனினும் சில நாட்களில் தந்தையார் காய்ச்சலில் இறந்தார்.

அடுத்துத் தாயார் படுத்தார். தாய்க்கு ஒரு துண்டு ரொட்டி கேட்க மகள் பிறர் வீட்டு வாயிலில் போய் நின்றார். நின்றாரேயன்றி நாவெழவில்லை என்று படிக்கிறோம். தாயாரும் மறைந்தார். சுடலை மூன்று மைல் தொலைவு. தூக்குவதற்கு ஆளில்லை. இரங்கி வந்த வேதியர் இருவரும், மகனும், மகளுமாக நால்வர் பாடையைத் தூக்கினர். ரமாபாய் உயரம் குறைந்தவர். தோள் எட்டாமையால் தம் பங்கைத் தலைமேல் வைத்துச் சுமந்தார். இதை எழுதும்போது நம் பேனா சற்று நின்றுவிட்டது. தமக்கை கிருஷ்ணாபாயும் வாந்திபேதியில் இறந்தார். எஞ்சியவர் அண்ணனும் தங்கையுமே.

அவ்விருவரும் அதன்பின் நாலாயிரம் மைல் கால்நடையாக நடந்தனர் என்பது வரலாறு. காசுமீரம் வரை சென்றனர். பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல், மணலில் இரண்டு குழி தோண்டிப் படுத்து உலர்ந்த மணலையே போர்வையாகப் போர்த்துக்கொண்டனர். இவ்வளவு நடந்தும், இவ்வளவு நீராடியும், இவ்வளவு தானம் செய்தும் தெய்வம் ஏன் வாய் திறக்கவில்லை என்னும் ஐயம் அந்நடையில்தான் முளைத்தது. அவர் தந்தையாரின் பக்தியைக் குறைத்து எண்ணினார் என்று யாரும் கொள்ளலாகாது. பிற்காலத்தில் வேறு சமயம் சார்ந்த பின்னும் தம் பெற்றோரை அவர் நினைத்துப் போற்றாத நாளில்லை. தமக்கு எழுத்தறிவித்த தாய்க்கே தம் முதல் ஆங்கில நூலைக் காணிக்கையாக்கினார்.

1878இல் இருவரும் கல்கத்தா சேர்ந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் தடையின்றிச் சொற்பொழிவாற்றுவதைக் கண்டு அந்நகரத்துப் பண்டிதர்கள் வியந்தனர். பரிசோதித்துப் பார்த்துப் பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் அளித்தனர். பெண் வேதம் படிக்கலாகாது என்று நம்பியிருந்த அவருக்கு, பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் வேதநூற் பிரதி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படிக்கப் படிக்க, மாதர் நிலை பற்றி நூல்கள் கூறுவதை எண்ணி மனக்கலக்கமே மிகுந்தது.

1880இல் அண்ணனும் வங்காளத்தில் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிகாரி தாஸ் மேதாவி என்னும் வங்காளி வழக்கறிஞரை ரமாபாய் மணந்தார். அவர் வேறு குலத்தவர். பதிவுத் திருமணம். 1881இல் மனோரமா பிறந்தாள். குடும்பம் அசாம் பக்கத்துச் சில்சாரில் இருந்தபோது, கணவரின் புத்தக அலமாரியில் வங்காள மொழியில் அச்சிட்ட லூக்கா சுவிசேஷம் ஒன்று அகப்பட்டது. அது வீட்டில் எவ்வாறு வந்தது என்று அவருக்கே தெரியாது. படித்தார். பிடித்திருந்தது. மனைவி கிறிஸ்தவராவதில் கணவருக்கு விருப்பமில்லை. பேச்சு அவ்வளவில் நின்றது. ஏனெனில் 1882 பிப்ரவரியில் கணவர் வாந்திபேதியில் மாண்டார். மணவாழ்வு இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. கையில் பத்து மாதக் குழந்தை.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இருபத்து நான்கு வயதுக்குள் தந்தை, தாய், தமக்கை, அண்ணன், கணவர் என ஐவரை இழந்த பெண், உலகத்தை வெறுத்து மூலையில் அமர்ந்திருந்தால் யார் குறை கூறுவர்? அவர் புனேக்கு வந்தார். அவ்வாண்டிலேயே ஆரிய மகிளா சமாஜத்தைத் தோற்றுவித்தார். கல்வி பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த ஹன்டர் குழுவின் முன் தோன்றி, இந்நாட்டுப் பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டும் என்று சாட்சியம் அளித்தார். தாமும் மருத்துவம் பயில விரும்பி, மராத்தியில் ஒரு நூல் எழுதி விற்று, அப்பணத்தைக் கொண்டு 1883இல் குழந்தையுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

வான்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலத் திருச்சபைக் கன்னியர் மடத்தில் தங்கினார். இலண்டனையடுத்த புல்ஹாமில் அக்கன்னியர் ஓர் இல்லம் நடத்தினர். நெறி தவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்கள் அங்கே பரிவோடு பேணப்பட்டனர். நம் நாட்டில் அத்தகையவருக்கு வாயிற்படியும் திறக்காது என்று அறிந்திருந்த ரமாபாய்க்கு இக்காட்சி பெரும் வியப்பாயிற்று. எதனால் இவ்வாறு செய்கிறீர்கள் என்று வினவியபோது, சமாரியப் பெண்ணிடம் இயேசு பெருமான் கிணற்றடியில் உரையாடிய வரலாற்றை யோவான் சுவிசேஷத்திலிருந்து அவர்கள் எடுத்துக் காட்டினர். அவர் மனத்தை அசைத்தது இவ்வரலாறே. வாதத்தில் அவரை வென்றவர் எவருமில்லை. மராத்தியரான நெகேமியா கோரே என்னும் பாதிரியாரின் எழுத்துகளும் துணை நின்றன. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் தாயும் மகளும் வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்றனர்.

செய்தி புனேயை எட்டியதும் தூற்றுதல் மழையாகப் பொழிந்தது. ஜோதிராவ் புலே போன்ற சிலரே அவருக்காகப் பேசினர். அதே சமயம், புதிய சமயத்தாரிடமும் அவர் தலையாட்டிப் பொம்மையாக இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கன்னியர் சொன்ன கொள்கைகளை எல்லாம் அப்படியே ஒப்பமாட்டேன், என் மனச்சான்றுக்கு விளங்கியதையே ஏற்பேன் என்று கடிதம் கடிதமாக எழுதி வாதாடினார். அணியக் கொடுத்த சிலுவையில் இலத்தீன் எழுத்து இருந்தது. தமக்கும் தம் மக்களுக்கும் புரியாத மொழி எதற்கு, வடமொழியில் இருக்கட்டும் என்றார். புலால் உண்ண மறுத்தார். முட்டை கலந்த பலகாரத்தையும் தொடவில்லை. இது அகந்தை என்று கன்னியர் ஒருவர் வருந்தினார். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மண்ணை விட்டு வந்தவர்க்கு நாக்கில் ஒட்டியிருக்கும் பழக்கத்தின் அருமை தெரியும். காலனியில் வாழும் நாம் அதனை அறியாதவரல்லேம்.

இதற்கிடையில் மற்றோர் அடி விழுந்தது. செவிப்புலன் மங்கத் தொடங்கியது. விரிவுரை கேட்க இயலாதவர் மருத்துவராவது எங்ஙனம்? அவ்வாசையை விட்டார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் வடமொழி கற்பித்துக்கொண்டே தாமும் கணிதம், இயற்கை நூல், ஆங்கிலம் முதலியன பயின்றார். 1886இல் உறவினர் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவைக் காண அமெரிக்கா சென்றார். சில நாள் தங்கச் சென்றவர் இரண்டரை ஆண்டு தங்கி ஊர் ஊராகப் பேசினார். 1887இல் அங்கே வெளியிட்ட அவரது ஆங்கில நூல் உயர்குலத்து இந்துப் பெண்ணின் நிலையை, அதிலும் இளங்கைம்பெண்களின் துயரை, உலகறியச் செய்தது. அவ்வாண்டு இறுதியில் பாஸ்டன் நகரில் அவர் பெயரால் ஒரு சங்கம் அமைந்து, பத்தாண்டுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது.

1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் புனேக்கு மாறியது. அங்கே முதலில் சேர்ந்த கைம்பெண் கோதுபாய். பின்னர்த் தோண்டோ கேசவ கார்வே அவர்கள் மறுமணம் செய்துகொண்டது இவரையே. மகளிர்க்கென்றே பல்கலைக்கழகம் கண்ட கார்வே அவர்களின் இல்லவிளக்கு ரமாபாயின் பள்ளியில் ஏற்றப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாதது. தலை மழிக்கப்பட்டு, ஒரு வேளைச் சோறுண்டு, நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட சிறுமியர் அங்கே புத்தகமும் கையுமாகத் தோட்டத்தில் உலவினர்.

அக்காலத்தில் ரமாபாயின் சமய வாழ்வில் ஒரு மாறுதல் நேர்ந்தது. ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டு கழிந்திருந்தது. தமக்குக் கிறிஸ்து சமயம் கிடைத்திருக்கிறது, கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று அவர் உணர்ந்தார். 1891ஆம் ஆண்டளவில், ஹாஸ்லம் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் மனமாற்றத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது, பாதிரியாயிருந்தும் ஒருவர் உள்ளம் வெறுமையாயிருக்கலாம் என்பதைக் கண்டு தம்மையே சோதித்துக்கொண்டார். இதுவரை நம்பிக்கை அறிவில் நின்றது. இனி அது உள்ளத்தில் இறங்கி, செவி கேளாத அம்மையாருக்கு உட்செவியாயிற்று. பிறந்த நாள் முதல் நடந்த கால்கள் ஓரிடத்தில் ஊன்றியது அப்போதுதான் என்று நமக்குப் படுகிறது.

உள்ளே நிரம்பியது வெளியே தெரியாமலிருக்குமா? சதனில் சமயம் புகட்டுவதில்லை என்பது உடன்பாடு. அம்மையார் தம் அறையில் மகளுடன் வழிபட்டார், கதவைத் தாழிடவில்லை. விரும்பிய மாணவியர் வந்து அமர்ந்தனர். சிலர் கிறிஸ்தவராகவும் விரும்பினர். 1893இல் பெரும் பூசல் எழுந்தது. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவினின்று விலகினர். இருபதுக்கு மேற்பட்ட பெண்களை வீட்டார் அழைத்துச் சென்றுவிட்டனர். ரானடேயும் பண்டார்க்கரும் பெண் கல்விக்குப் பகைவரல்லர். நம்பி ஒப்படைத்த பெற்றோர்க்கு நாம் என்ன விடை கூறுவது என்று அவர்கள் கலங்கியதில் நியாயம் உண்டு. தாம் தொழும் தெய்வத்தைத் தம் வீட்டிலேயே மறைவாகத் தொழ வேண்டுமா என்று அம்மையார் கேட்டதிலும் நியாயம் உண்டு. இரு சாராரும் பெரியோர். பல சமயத்தார் ஒரே சுவருக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் காலனியில் இருக்கும் நாம் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறத் துணியோம்.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. அம்மையாருக்கு வயது முப்பத்தெட்டு. கையில் பணமில்லை, அமெரிக்கச் சங்கம் கொடுப்பது சதனுக்கே போதும். போகாமலிருக்கக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் திருப்பதிக் காட்டில் இலை தின்ற பதினொரு நாளும், பிறர் வாயிலில் நா எழாமல் நின்ற நாளும் அவரை உறங்க விடவில்லை. புறப்பட்டார். பஞ்ச நிவாரண முகாம்களில் அநாதைப் பெண்கள் சோற்றுக்காகத் தீயோர் கையில் சிக்குவதைக் கண்டார். எலும்பும் தோலுமாயிருந்த சிறுமியரைத் திரட்டி இரயிலில் ஏற்றி அழைத்து வந்தார். முந்நூறு பேர் வரை சேர்ந்தனர். புனேயிலோ அப்போது பிளேக்கு நோய். இத்தனை பேரை நகரில் வைத்திருக்க அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. சதனின் பிற்கால வருவாய்க்கெனக் கேட்காவில் ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் வாங்கிப் பழமரம் நட்டிருந்தார். அத்தரிசுக்கே அனைவரையும் அழைத்துச் சென்றார். கூடாரமும் கீற்றுக் கொட்டகையுமாகத் தொடங்கிய அவ்விடமே முக்தி.

1900இல் குஜராத்துப் பஞ்சம். அங்கிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். இல்லத்தில் இருந்தோர் தொகை ஏறத்தாழ ஈராயிரம். மளிகைக் கணக்கு எழுதிப் பழகியவர் இத்தொகையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: ஈராயிரம் வயிறு, நாள் இருவேளை. நிலையான வருமானம் ஏதுமில்லை. பிரிஸ்டல் நகரில் அநாதைகளைக் காத்த ஜார்ஜ் முல்லரைப் போல, வேண்டுதலையே நம்பி நடத்தினார். வெறுங்கையை மேலே உயர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார் என்று கொள்ளற்க. கிணறு வெட்டினார். நெசவு, எண்ணெய்ச் செக்கு, பால்பண்ணை, சலவை, தையல், அச்சுக்கூடம் எனத் தொழில் பல வைத்து ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கைத்தொழில் கற்பித்தார். வழி தவறியவர்க்குக் கிருபா சதன் என்று தனி இல்லம் அமைத்தார். புல்ஹாமில் கண்டதை மறக்கவில்லை. கண்ணிழந்த பெண்களுக்கு மகள் மனோரமா பிரெயில் எழுத்துக் கற்பித்தார். ஈராயிரம் பேர் அமரத்தக்க பேராலயம் ஒன்றும் எழுந்தது. 1905இல் அவ்வில்லத்தில் பெரும் சமய எழுச்சி உண்டாகி, அதன் செய்தி கடல் கடந்தும் பரவியது.

அம்மையாரின் இறுதிக் காலப் பணி விவிலியத்தைக் கிராமத்துப் பெண்ணுக்கும் புரியும் எளிய மராத்தியில் பெயர்ப்பது. அதன்பொருட்டு எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். வடமொழியில் பேரவைகளை வியக்கச் செய்தவர், தம் புலமையை எல்லாம் அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைச் சொற்களைத் தேடினார். பதினைந்து ஆண்டுக்கு மேல் உழைத்தார். அச்செழுத்துக் கோத்தவரும், தாள் மடித்தவரும், தைத்தவரும் முக்திப் பெண்களே. பஞ்சத்தில் எலும்பாய் வந்தவர் பலர் அவர்களுள் இருந்தனர். மொழிபெயர்ப்பு மூலத்தை மிக ஒட்டிச் செல்கிறது என்று குறை கூறினோர் உண்டு. திருச்சபைகளில் அது பரவலாக வழங்கவுமில்லை. தனியொரு பெண் முழு விவிலியத்தையும் மூலத்திலிருந்து பெயர்த்தது வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

1919இல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பொற்பதக்கம் அளித்தது. மனோரமா பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, தாயின் காதாகவும் கையாகவும் இருந்து, இல்லப் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் நிலையில் இருந்தார். கூடையில் சுமக்கப்பட்டவருக்கும், பாடையைத் தலையில் சுமந்தவருக்கும் இறுதியாக ஒரு சுமை காத்திருந்தது. 1921 ஜூலை 24ஆம் நாள் மனோரமா நாற்பது வயதில் இறந்தார். பெற்ற ஒரே மகள். தாய்க்கு வயது அறுபத்து மூன்று. செவி முற்றும் மங்கி, உடலும் தளர்ந்திருந்தார். எஞ்சிய எட்டு மாதமும் மொழிபெயர்ப்பின் கடைசித் தாள்களைத் திருத்துவதில் கழிந்தன. திருத்தம் முடிந்தது. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அதிகாலை உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. நூல் 1924இல் வெளிவந்தது. கேட்காவ் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தனர். 1989இல் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் நடந்து வருகிறது.

நம் காலனிப் பெண்ணின் வினாவுக்கு இவ்வரலாற்றில் விடை இருக்கிறதா என்று நாமும் தேடிப் பார்த்தோம். அம்மையாருக்கும் ஏன் என்பதற்கு விடை கிடைத்ததாக அவர் எழுத்துகளில் நாம் காணவில்லை. இழந்தவர் ஒருவரும் திரும்பி வரவில்லை, செவியும் திரும்பவில்லை. ஒவ்வோர் இழப்புக்குப் பின்னும், அதே இழப்பை உடைய இன்னொருவரை அவர் கண்கள் அடையாளம் கண்டுகொண்டன. பசித்தவர் பசித்தவரை, கைம்பெண் கைம்பெண்ணை, செவியிழந்தவர் கண்ணிழந்தவரை. அவர் நம்பிக்கை அவ்வாறே படிப்படியாக ஆழம் பெற்றது என்று தோன்றுகிறது.

இவ்வரலாற்றை அச்சகோதரிக்குச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், தலையில் பாடை சுமந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். கருணை அடிப்படையில் கிடைத்த பணியில் அவர் சேர்ந்து இப்போது சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடை விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குச் சென்றார். கேட்காவ் வரும்போது சன்னலோரம் அமர்ந்து பார்க்கும்படி சொல்லியனுப்பியிருந்தோம். திரும்பி வந்து, இரவு வண்டியாதலால் ஊர் ஒன்றும் தெரியவில்லை, தொலைவில் வரிசையாகச் சில விளக்குகள் தெரிந்தன, மகளை எழுப்பிக் காட்டினேன் என்று கூறினார்.